குடியிருந்தவர்

பாசல் துறைமுகம், மூன்றாம் கொட்டகை.
பெஸ்னிக் ஆணிகளைப் பிடுங்கினான்.
குமிழித்தாளுக்குள்ளிருந்து ஒரு கூரை வந்தது,
பிறகு சுவர், பிறகு
என் கை மட்டும் நுழையும் ஒரு வாசல்.
எல்லாம் கல்.
"வதனி, நாய்க்கு வீடா?"
தாளைப் பார்த்தேன்:
ஜப்பான். தோட்ட அலங்காரம். பழம்பொருள்.
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ, காலி.

பக்கச் சுவரில் எழுத்துகள், பாதியை மழை தின்றிருந்தது.
விற்றவர் இணைத்த ஜெர்மன் குறிப்பு:
புன்செய் எட்டு, இலையுதிர் காலம்,
ஒன்பது வீட்டார் கொடுத்தது.
புன்செய் என்றதும் நிலமென்று நினைத்துவிட்டேன்.
ஆண்டின் பெயராம். இருக்கட்டும்.
'கொடுத்தது' என்பதை மட்டும் மனம்
'உபயம்' என்று திருத்திக்கொண்டது.

அடியில் இன்னொரு தாள், சிவப்பு முத்திரையோடு.
அந்த ஊர்ப் பூசகர் எழுதியிருக்கிறார்:
இங்கே இப்போது ஆளில்லை.
வயல்களைக் காடு எடுத்துக்கொண்டது.
குடியிருந்தவரிடம் முறைப்படி கேட்டு
அனுப்பிவைத்துவிட்டோம்.
இனி இது கல்.

எங்கே அனுப்பினார்கள் என்று எழுதவில்லை.
புது முகவரி கொடுக்காமல்
இந்த நாட்டில் ஒருவரும் வீடு மாற முடியாது.

அதிகாரி ஷ்டக்கி குனிந்து
பேனா முனையால் கூரையைக் கீறினார்.
"பாசி. பாசிக்கடியில் மண்.
கல் வரலாம். கல்லோடு ஒட்டி வந்தது வரக்கூடாது."
இந்த வாக்கியத்தை முன்பே
வேறொரு மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன்.
"கழுவுங்கள்."

அபிஷேகம் என்று எழுதினால் பொய்.
ரப்பர் பூட்ஸ், முகக் கவசம்,
நூற்றிருபது பார் அழுத்தத்தில் தண்ணீர்.
பச்சைத் தோல் உரிந்து உரிந்து
வடிகட்டியில் சேர்ந்தது.
இருநூறு ஆண்டு. பத்து நிமிடம்.

வாசலுக்கு வந்ததும் கை தானாக விசையைத் தளர்த்தியது.
ஏனென்று கேட்காதே, பெஸ்னிக்.
பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து
உள்மூலைகளைத் தேய்த்தேன்,
வாடகை வீட்டை ஒப்படைக்கும் காலையில்
அடுப்பின் பின்புறத்தைத் தேய்ப்பதுபோல.
மேற்பார்வைக்கு வருகிறவள் விரலால் தடவிப் பார்ப்பாள்;
விரல் கறுத்தால் முன்பணம் போச்சு.
ஆறு வீடு மாறியிருக்கிறேன்.
காலி என்ற சொல்லுக்குள்
எவ்வளவு வேலை கிடக்கிறது என்று தெரியும்.

பின்சுவரில் ஒரு குளவிக்கூடு,
கட்டைவிரல் அளவு, காய்ந்தது.
அதுவும் வெளிநாட்டு மண்தான்.
பிரஷ் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

ஆர்லெஸ்ஹைமில் ரெகுலா ட்சூர்புக்கன்
படலையிலேயே வாய்பிளந்து நின்றார்.
"பாசி எங்கே?
நான் பாசிக்குத்தானே காசு கொடுத்தேன்!"
அரைமணி நேரம் போனது. சட்டம், படிவம், என் கையொப்பம்.
கடைசியில் அடங்கி,
எந்தத் திசை பார்த்து வைப்பது என்று கேட்டார்.
தாளில் இல்லை.
பெஸ்னிக் மணிக்கூட்டைப் பார்த்தான்.
பாரந்தூக்கி இறக்கிய பக்கமே
அதன் பக்கமாயிற்று.

மரத்தட்டைத் திரும்ப எடுக்க
மூன்று கிழமை கழித்துப் போனேன்.
அவர் அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார்.
ஒரு கையில் தூரிகை, மறு கையில் கிண்ணம்.
கூரைச் சரிவில், விளிம்பில், வாசற்படியில்
வெள்ளையாய் வழிந்துகொண்டிருந்தது.
"தயிர் பூசினால் பாசி சீக்கிரம் பிடிக்குமாம்.
இனிப்பில்லாதது. செவ்வாயும் சனியும் பூசுகிறேன்."
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்திருந்தார்.
புல் ஈரமாம்.

இதற்கு ஜெர்மனில் என்னிடம் சொல்லில்லை.
தமிழில் இருக்கிறது;
அவர் கேட்கவில்லை.

"உள்ளே பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறதே, பார்த்தீர்களா?"
"குளவிக்கூடு" என்றேன்.
"குளவி?"
"போய்விட்டது."
தூரிகையிலிருந்து ஒரு சொட்டு புல்லில் விழுந்தது.
"திரும்பி வருமா?"

மரத்தட்டு ஒன்று, காலி,
என்று எழுதிக் கையொப்பம் வாங்கினேன்.